பரிந்துரைத்தவர்: மாசிலாமணி

கனகசபை தன் வாழ்நாளில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பெட்டி. மரப்பெட்டியோ இரும்புப் பெட்டியோ அல்ல. கணினித் திரையில், வாடிக்கையாளர் படிவத்தின் வலது ஓரத்தில் கிடக்கிற ஒரு சதுரம். அதை வைத்து ஒரு மாவட்டத்தையே கோபக்காரர்களாக்கிவிட முடியும் என்று அவனுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சின்னதாக வரைந்திருப்பான்.

கோயம்புத்தூரில் 'பொங்குநீர் பம்ப்ஸ்' என்ற மோட்டார் கம்பெனியில் அவனுக்கு வேலை. பதவி, மூத்த படிவ வடிவமைப்பாளர். இதை அவன் அம்மா ராஜாத்தி சொந்தக்காரர்களிடம் 'இன்ஜினியர்' என்று சுருக்கிச் சொல்வாள். உண்மையில் அவன் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. பெயர், விலாசம், போன் நம்பர் என்று திரையில் கட்டங்களை இழுத்து இழுத்து வைப்பான். எந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போகக் கூடாதோ, அதன் தலையில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் குத்துவான். நட்சத்திரம் குத்துவதில் அவனுக்குத் தாராளக் கை.

பெட்டியை முதலில் பார்த்தவர் மேலாளர் திலகவதி.

"இது என்ன கனகசபை, ஓரமா?"

"சுத்துவழி உறவுங்க மேடம். இப்ப பீளமேட்டு சரோஜாம்மா போன் பண்றாங்கன்னு வெச்சுக்குங்க. அவங்க வாங்குன மோட்டார், அவங்க குடுத்த புகார், இதெல்லாம் படிவத்துல வந்துரும். நேர் உறவு. ஆனா எதிர்வீட்டுக்காரர் நேத்தே தண்ணியில மணல் வருதுன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல். அது இந்தம்மா படிவத்துல வராது. ஏன்னா அவருக்கும் இவங்களுக்கும் நேரா ஒரு உறவும் இல்ல. இந்தப் பெட்டி அந்த போர் வழியாச் சுத்திப் போயி அதையும் எடுத்துட்டு வந்து காட்டும்."

காட்டியது. அடுத்த வாரமே சரோஜாம்மா போன் செய்து வாயைத் திறக்குமுன், "மணல் வருதாங்கம்மா?" என்று கேட்டார்கள். "ஏனுங்க, நீங்க குறி சொல்றவங்களா?" என்று அந்தம்மா அசந்துபோய், மணல் நின்றதும் ஒரு டப்பா முறுக்கு அனுப்பிவைத்தார். கனகசபைக்குக் கம்பெனி ஒரு கேடயம் கொடுத்தது. அதை அவன் தன் பக்கம் பார்த்தபடி மேசையில் வைத்துக்கொண்டான்.

கேடயம் கொடுத்த கையோடு திலகவதி கேட்டார். "ஒரு சுத்தோட ஏன் நிக்கணும்? போற வரைக்கும் போகட்டுமே. அப்புறம், தகவல் மட்டும் ஏன்? குணமும் வரட்டும்."

"குணமுங்களா?"

"ஒருத்தர் நம்மகிட்ட எரிஞ்சு விழறாருன்னு வை. அவர் சொல்லி மோட்டார் வாங்குனவங்க, அவங்க சொல்லி வாங்குனவங்க, எல்லாம் ஒரே மாதிரிதானே இருப்பாங்க? முன்கூட்டியே தெரிஞ்சா அல்லி பதமாப் பேசும்ல?"

அல்லி என்பது போன் எடுக்கிற இயந்திரக் குரல். கனகசபைக்கு எங்கேயோ உறுத்தியது. 'மனுசன் குணம் என்னங்க மேடம், மணலா, ஒரே போர்ல வர்றதுக்கு?' என்று கேட்க நினைத்தான். ஆனால் கேடயம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. 'எத்தனை சுற்று' என்ற கட்டத்தில் இருந்த ஒன்றை அழித்துவிட்டு 'எல்லை இல்லை' என்று மாற்றினான். ஒரு தட்டு. கொசு அடிப்பதுகூட அதைவிடக் கஷ்டம்.

கொஞ்ச நாள் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் மெக்கானிக் நடராசு, தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்து அவன் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஊரே மாறிப்போச்சுங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் என் போன்ல 'கோபக்காரர், எச்சரிக்கை'ன்னு வருது. ஹெல்மெட்டக் கழட்டாத, கேட்டுக்கு வெளிய நின்னே பேசு, ஒத்தையில போகாதங்குது. நானும் அப்படியே நின்னு பேசறன். அவங்க மொறைக்கறாங்க. முன்னெல்லாம் மோட்டாரத் தொடறதுக்கு முந்தியே ஒரு சொம்பு மோர் வரும். இப்ப ஹெல்மெட்டப் பாத்ததும் நாய அவுத்து விடறாங்க. பத்து வீடு பாத்தா பத்தும் கோவக்காரங்களா இருப்பாங்களா?"

கனகசபை திரையைத் திறந்தான். பீளமேட்டு சரோஜாம்மா, முறுக்கு அனுப்பிய சரோஜாம்மா: கோபக்காரர். சிங்காநல்லூர் கோயில் பூசாரி: கோபக்காரர். சூலூரில் பேச்சு வராத ஒருவர்: கடும் கோபக்காரர். கடைசியில் தன் வீட்டைத் தேடினான். இருந்தது. அம்மா பெயரில்.

அம்மா அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்தாள்.

"கண்ணு, பொள்ளாச்சிப் பொண்ணு வீட்டுக்காரங்க யோசிச்சுச் சொல்றோம்னுட்டாங்க. கல்யாண இணையதளத்துல நம்மளக் கோவக்காரக் குடும்பம்னு போட்டிருக்குதாம். எவன்டா எழுதுனது? எவன் எழுதுனது? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

"அம்மா, மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாத்தான் பேசறேன்!"

முத்திரை பொங்குநீரிலிருந்து வந்தது என்று தளத்தில் போட்டிருந்ததால், அவள் அவனுடைய கம்பெனிக்கே பேசியிருந்தாள். 'அம்மா, உங்கள் கோபம் எங்களுக்குப் புரிகிறது. மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்' என்று அல்லி பாதி வேகத்தில் பேசி, வீணையை வாசித்துக் காட்டியிருக்கிறது. அதுவரை அம்மாவுக்குக் கோபம் இல்லை. வீணை முடிந்தபோது இருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை என்று கனகசபை கசப்பாக நினைத்துக்கொண்டான். கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுகிறது. அது சொல்லிவிட்டதாலேயே மனிதர்களும் அப்படி ஆகிவிடுகிறார்கள்.

பொள்ளாச்சிப் பெண்ணின் பெயர் மரகதவல்லி. கால்நடை டாக்டர். இருவரும் போனில்தான் பேசியிருந்தார்கள். முதல் பேச்சிலேயே, "நான் ஊசி போட்டா மாடுகூட நகராதுங்க" என்று அவள் சொன்னபோது, இவன் ஏனோ தன் கையைத் தடவிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் அழைக்காத நாட்கள் நீளமாக இருந்தன.

"அப்பா ரொம்ப யோசிக்கறாருங்க" என்றாள் இப்போது. "ஞாயித்துக்கிழம முடிவு சொல்றேங்கறாரு. நெசமாவே நீங்க கோவக்காரங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. எங்க ஆஸ்பத்திரியில மூக்கணாங்கயிறு இருக்குது."

சிரித்தான். ஆனால் போனை வைத்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினான். அவள் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளும் கட்டத்தை அவன் எப்போதோ தாண்டியிருந்தான்.

மறுநாள் காலையில் நஸ்ரீனைக் கூப்பிட்டான். அல்லி சமாளிக்க முடியாத அழைப்புகளை எடுக்கும் மனிதர்கள் கம்பெனியில் இன்னும் சிலர் மிச்சமிருந்தார்கள். புது வாடிக்கையாளர்களைப் பதிவு செய்வதும் அவர்கள்தான். நஸ்ரீன் அவர்களுக்குத் தலைவி.

"இந்தக் கோவம் எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னாடியே போயிப் பாத்தேன். எந்த வழியில போனாலும் கடைசியில ஒரே ஆளு. மாசிலாமணி. மாவட்டத்துல பாதிப்பேரு அவரு சொல்லித்தான் மோட்டார் வாங்கியிருக்காங்க. யாரு இவரு? எம்.எல்.ஏ.வா?"

நஸ்ரீன் துப்பட்டா நுனியைத் திருகினாள். "அண்ணா, திட்ட மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"படிவத்துல 'பரிந்துரைத்தவர்'னு ஒரு கட்டம் இருக்குல்ல? அத நிரப்பாம சேமிக்கவே விடாது. வர்றவங்ககிட்டக் கேட்டா, யாரும் சொல்லல, நானாத்தான் வாங்கினேன்னு சொல்றாங்க. வரிசையில ஆள் நிக்குது. அதான்... எதிர்ல பேக்கரி இருக்குல்ல, டீப் பார்சல் கவர்ல அவரு பேரும் நம்பரும் போட்டிருக்கும். கவர் எப்பவும் மேசை மேலயே கெடக்கும்."

"நீ மட்டுமா?"

"எல்லாருமே. புதுசா வர்றவங்களுக்கும் அதான் சொல்லிக் குடுக்கறோம். பேரு, ஊரு, மாசிலாமணி."

கனகசபை தலையைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் கட்டத்தக் கட்டாயமாக்குன மடையன் யாரு?"

நஸ்ரீன் மேசை மேலிருந்த கேடயத்தைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைக் குத்திய தினம் அவனுக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. படிவத்தில் அந்த மூலை கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அழகுக்காகக் குத்தினான்.

திலகவதியிடம் போய் நின்றான். அவர் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"பெட்டியை எடுத்துரலாமா?"

"எடுத்தா, போட்ட முத்திரை அப்படியே நின்னுரும் மேடம். எல்லாரும் பதிவுகளப் பகிர்ந்துக்கோணும்ங்கற இணைப்புச் சட்டப்படி நம்ம பதிவு எல்லா இடத்துக்கும் போயிருச்சு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாணத் தளம் வரைக்கும். வந்த வழியில திருத்தம் போனாத்தான் அங்கெல்லாம் மாறும்."

"அந்த மாசிலாமணி பதிவையே அழிச்சிட்டா?"

"அவருக்குக் கீழ தொங்கற அத்தன பேரும் சேந்து அழிஞ்சிருவாங்க. மாவட்டத்துல பாதிப்பேருக்கு மோட்டாரே இருந்ததில்லைன்னு ஆயிரும்."

"அப்ப?"

"ஒரே வழிதான். மாசிலாமணியே கோபம் தீர்ந்ததுன்னு சொல்லணும்."

"போய்ச் சொல்ல வை" என்றார் திலகவதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கப்பா வீட்டுக்கு நேத்து ஹெல்மெட் போட்டுட்டு ரெண்டு பேர் போயிருக்காங்கப்பா. மனுசன் ரிட்டையர்டு பாட்டு வாத்தியார். ரொம்ப நொந்துட்டாரு" என்றார்.

மாசிலாமணி பேக்கரிக்குள் ஒரே சமயத்தில் மாவு பிசைகிற இயந்திரமும், புகை இழுக்கிற காற்றாடியும், மில்க்‌ஷேக் மிக்ஸியும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவே வருஷக்கணக்கில் வியாபாரம் செய்து செய்து, மாசிலாமணியின் குரல் மூன்றையும் தாண்டி வளர்ந்துவிட்டது. அவர் 'வாங்க' என்று சொன்னால் எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

"வாங்க தம்பி! ஸ்ட்ராங்கா ஒண்ணு போடட்டுமா!"

"அண்ணா, போன மாசம் எங்க கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்! தொட்டிக்குத் தண்ணி ஏறல! ஒரு பொம்பளப் புள்ள எடுத்துச்சு! மூச்ச உள்ள இழுங்குது, வெளிய விடுங்குது! மோட்டாருக்குச் சொல்லு தாயீ, எனக்கு எதுக்குன்னேன்! வீணை வாசிக்க ஆரம்பிச்சிருச்சு!"

மூலை மேசையில் டீயில் வர்க்கி பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், சத்தத்தில் கை நடுங்கி வர்க்கியை டம்ளருக்குள் விட்டுவிட்டார்.

"அது வந்துங்கண்ணா, நீங்க கோவமா இருக்கறதா மெஷின் எழுதிருச்சு."

"கோவமா! நானா!" மாசிலாமணி கல்லாவை விட்டு வெளியே வந்தார். "கத்துவேன்! கத்தாம இங்க டீக்கூடச் சொல்ல முடியாது! கோவப்பட்டதில்ல தம்பி, ஒருத்தர்கிட்டயும்! ரெண்டும் வேற!"

"தெரியுதுங்கண்ணா. இப்ப நீங்க கோபம் தீர்ந்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்..."

"வராத கோவம் எப்படிங்க தீரும்!"

இதற்கான வரி படிவத்தில் இல்லை. அங்கே 'கோபம் தீர்ந்தது', 'கோபம் தீரவில்லை' என்று இரண்டே வரிகள்தான் இருந்தன. அந்த இரண்டையும் எழுதியவனும் அவன்தான்.

வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெட்டி, நட்சத்திரம், டீ கவர், நடராசுவின் மோர், பொள்ளாச்சி, ஞாயிற்றுக்கிழமை. சொல்லச் சொல்ல மாசிலாமணி ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்திக்கொண்டே வந்தார். கடைசியில் காற்றாடியும் நின்றபோது, பேக்கரியில் யாரும் கேட்டிராத அமைதி உண்டானது.

"அட, கல்யாண விசயமா?" என்றார் மாசிலாமணி. அமைதியிலும் அவர் குரல் அதே அளவில்தான் வந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதா! போனக் குடு தம்பி! கோவம் தீந்துச்சு, ஆறிப்போச்சு, என்னென்ன சொல்லோணுமோ சொல்லிடறேன்! எனக்கென்ன, ஒரு பொய்! புள்ளைக்குக் கல்யாணம் நடக்கோணும்!"

போனை நீட்டினால் முடிந்தது. கனகசபை நீட்டவும் நீட்டினான். பாதியில் கை நின்றது. 'தீர்ந்தது' என்றால் இருந்தது என்று அர்த்தம். சரோஜாம்மாவும், பூசாரியும், பாட்டு வாத்தியாரும், தன் அம்மாவும் இனி முன்னாள் கோபக்காரர்கள் ஆவார்கள். கல்யாணத் தளத்துக்கு அது போதும். ஆனால் எதிரே நிற்கிற இந்த மனிதர், செய்யாததைச் செய்ததாகத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவர் ஆவார். அதுவும் இவனுக்காக.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாங்கண்ணா. நீங்க கோவப்படவே இல்ல. எங்க கட்டம்தான் தப்பு. அதத்தான் மாத்தோணும்."

"மாத்த முடியுமா?"

"முடியும். வேல போகலாம்."

"கல்யாணம்?"

"அதும் போகலாம்" என்று சொல்லிவிட்டு, அதற்குள் ஆறிப்போயிருந்த டீயைக் குடித்தான். டம்ளரை வழக்கம்போலத் தானே கொண்டுபோய் கல்லா ஓரம் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தான்.

படிவத்தில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தான்: 'கோபமே இல்லை; தவறு எங்களுடையது.' தவறு தன்னுடையது என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் விரும்பாது என்பதால், திலகவதியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் வரியை ஒரு முறை படித்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"நான் இதப் பாக்கல" என்றார். "தேங்காய் பன் சாப்பிடப் போறேன். வர்றதுக்குள்ள நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது." கதவருகே போய்த் திரும்பி, "எங்கப்பா பேர ஒரு தடவ சரிபாத்துரு" என்றார்.

அல்லியை நம்ப முடியவில்லை. சோதித்துப் பார்த்தபோது, "நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா?" என்று அது கேட்டது. "இல்லீங்க!" என்று மாசிலாமணி சொன்ன சத்தத்துக்கு உடனே வீணையை எடுத்துவிட்டது. ஆகவே நஸ்ரீன் கணினியைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கே போய், அவர் எதிரே உட்கார்ந்து, மனுஷி மனுஷனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அண்ணா, கோவமா?"

"இல்ல தாயீ! வெங்காய பப்ஸ் சூடா இருக்கு, திங்கறியா!"

நஸ்ரீன் மூன்றாவது வரியைத் தட்டினாள். போன வழியிலேயே அது ஊர் முழுக்கச் சுற்றியது. பேக்கரியிலிருந்து பீளமேட்டுக்கு, அங்கிருந்து சூலூருக்கு, கோயிலுக்கு, பாட்டு வாத்தியார் வீட்டுக்கு. மறுநாள் நடராசு ஹெல்மெட் இல்லாமல் வந்தார். மீசையில் மோர் ஒட்டியிருந்தது. துடைக்க மறந்தாரா, காட்ட வந்தாரா, தெரியாது. கனகசபை 'எல்லை இல்லை' என்பதை அழித்துவிட்டு மறுபடி ஒன்று போட்டான். குணம் காட்டும் வசதியை அடியோடு எடுத்தான். 'பரிந்துரைத்தவர்' தலையிலிருந்த நட்சத்திரத்தைப் பிடுங்கினான். வேலை போகவில்லை. கேடயத்தை மட்டும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மரகதவல்லியே போன் செய்தாள்.

"அப்பா சரின்னுட்டாருங்க."

கனகசபை நாற்காலியில் உட்கார்ந்தான். "திருத்தம் அங்க வரைக்கும் வந்துருச்சா? இப்ப தளத்துல என்ன காட்டுது?"

"எந்தத் திருத்தம்? அப்பா தளத்த மறுபடி தொறக்கவே இல்ல. ரெக்கார்டு சொன்னா மட்டும் நம்பறதுக்கு நான் என்ன கம்பெனியாங்கறாரு. எங்க வழக்கப்படி நேர்ல போய் விசாரிச்சுட்டு வந்துட்டாரு."

"எங்கங்க விசாரிச்சாரு?"

"மாப்பிள்ளையப் பத்தி எங்க விசாரிப்பாங்க? வேல பாக்கற எடத்துக்குப் பக்கத்துல இருக்கற டீக்கடையிலதான். உங்க ஆபீசுக்கு எதிர்ல ஒரு பேக்கரியாம். அப்பா போயி உக்காந்து டீ சொல்லி, வர்க்கிய முக்கறாரு, நீங்களே உள்ள வந்துட்டீங்களாம்."

கனகசபைக்கு வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. டம்ளருக்குள் விழுந்த வர்க்கியும்.

"நீங்க போனதும் அப்பா அந்தக் கடைக்காரரக் கேட்டிருக்காரு, இந்தத் தம்பி எப்படீன்னு. அவரு ஒரு கத்துக் கத்துனாராம் பாருங்க, அப்பாவுக்கு இன்னும் காது அடைக்குதாம்."

"என்ன சொன்னாரு?"

"'தெனமும் டீ குடிச்சா டம்ளரக் கொண்டாந்து வெச்சுட்டுப் போற புள்ள! தப்புப் பண்ணா வந்து முன்னால நிக்கும்! கண்ண மூடிட்டுக் குடுங்க!'ன்னாராம். பஸ் ஸ்டாப்புல நின்னவங்கெல்லாம் தலையாட்டுனாங்களாம்." அவள் சிரித்தாள். பிறகு, "எனக்கும் அது போதும்" என்றாள் மெதுவாக.

திங்கட்கிழமை காலையில் கனகசபை மாசிலாமணியின் படிவத்தைத் திறந்தான். 'இவர் பரிந்துரைத்தவர்கள்' என்ற இடத்தில் மாவட்டத்தில் பாதி இருந்தது. அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு மோட்டாரையும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. மனதாரச் சிபாரிசு செய்தது ஒன்றே ஒன்று. அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. புதுக் கட்டம் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கை பழக்கத்தில் நகர்ந்தது. வேண்டாம் என்று எழுந்து, டீ குடிக்கப் போனான்.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அவன் பிடிவாதமாக இருந்தான். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பெரியவர்கள் பெயர்களெல்லாம் வந்து முடிந்த பிறகு, கீழே தனியாக ஒரு வரி: பரிந்துரைத்தவர், மாசிலாமணி. அதன் தலையில் குட்டியாக ஒரு சிவப்பு நட்சத்திரம்.

"இது என்ன கண்ணு, அச்சுப்பிழையா?" என்று ராஜாத்தி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"இல்லம்மா" என்றான் கனகசபை. "இவரு இல்லாம மேல போக முடியாதுன்னு அர்த்தம்."